கேட்பதற்கும் சாதகம் வேண்டும்

(மனநல ஆலோசகர்கள் தங்கள் தொழில்திறனை வளர்த்துக்கொள்ளும் வழிகள் குறித்து, ஆலயத் தொண்டர்களும் நன்கொடையாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோயில் திருப்பணிக்கு நிதி திரட்டுவது நம் சமூகத்திற்குக் கைவந்த கலை. மண்டபம் கட்டவேண்டும் என்றால் தருகிறோம். அன்னதானத்திற்குத் தருகிறோம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடத் தருகிறோம். திருவிழாவில் வாசிக்கும் நாதஸ்வர வித்துவானுக்குச் சன்மானமும் தருகிறோம். ஆனால் அவர் விடியற்காலையில் எழுந்து, கேட்க ஆளில்லாத அறையில் ஊதி ஊதிச் செய்த சாதகத்திற்கு யாரும் உபயம் ஏற்றுக்கொள்வதில்லை. அந்தச் சாதகம் இல்லாவிட்டால் திருவிழா வாசிப்பும் இல்லை.

இன்று நான் பேச வந்திருப்பது அப்படிப்பட்ட ஒரு சாதகத்தைப் பற்றித்தான். மனம் நொந்து வருபவர்களின் பேச்சைக் கேட்டு, அவர்கள் தம்மைத் தாமே மீட்டுக்கொள்ளத் துணை நிற்பவர்கள் மனநல ஆலோசகர்கள், உளச்சிகிச்சையாளர்கள். அவர்கள் தங்கள் திறனை எவ்வாறு வளர்த்துக்கொள்கிறார்கள், எவ்வாறு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த அவைக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆலயங்களும் சமூக அமைப்புகளும் ஆலோசனைச் சேவை நடத்தும் காலம் இது. அதற்கு அறை கொடுப்பவர்களும் பொருள் கொடுப்பவர்களும் நீங்கள். அங்கே வந்து அமர்பவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே. எனவே இது உங்களுக்கும் உரிய விஷயம்.

நல்ல மனம் மட்டும் போதுமா?

"நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசுவதற்குப் படிப்பு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆறுதல் சொல்வதற்குப் படிப்பு வேண்டியதில்லை. நம் பாட்டிமார் சொன்ன ஆறுதலுக்கு ஈடு இல்லை. ஆனால் தற்கொலை எண்ணத்தோடு வரும் இளைஞரையும், குடியை விட முடியாமல் தவிக்கும் தகப்பனையும், குழந்தை பெற்றபின் காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருக்கும் பெண்ணையும் எதிர்கொள்வதற்கு ஆறுதலோடு வேறொன்றும் வேண்டும். அதைத்தான் தொழில்திறன் என்கிறோம்.

இதைத் துறையின் முன்னோடிகள் ஆரம்பத்திலேயே உணர்ந்தார்கள். 1920ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஏழைகளும் வரக்கூடிய ஓர் உளப்பகுப்பாய்வு மருந்தகம் திறக்கப்பட்டது. சிக்மண்ட் ஃபிராய்டின் வழிவந்த மாக்ஸ் ஐட்டிங்கன் அதன் நிறுவனர்களில் முதன்மையானவர். அங்கே பயிற்சி பெறுவோருக்கு மூன்று கடமைகள் விதிக்கப்பட்டன. முதலாவது, பாடம் படிப்பது. இரண்டாவது, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது. மூன்றாவது, தாமே ஒரு பகுப்பாய்வாளரிடம் சென்று தம் மனத்தை ஆராய்ந்துகொள்வது. நூறாண்டுகள் கடந்துவிட்டன. சிகிச்சை முறைகள் பலவாகக் கிளைத்துவிட்டன. ஆயினும் படிப்பு, மேற்பார்வை, தன்னை அறிதல் என்னும் அந்த மூன்று கால்களின் மேல்தான் இன்றும் பெரும்பாலான பயிற்சிகள் நிற்கின்றன.

அனுபவம் ஏற ஏறத் திறன் ஏறுமா?

பட்டம் வாங்கியாயிற்று, பத்தாண்டு அனுபவமும் ஆயிற்று, இனி என்ன பயிற்சி என்று நினைப்பது மனித இயல்பு. ஆய்வுகள் சொல்வது நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோல்ட்பர்க் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 170 சிகிச்சையாளர்கள், அவர்களிடம் வந்த 6,500க்கும் மேற்பட்டவர்கள், சராசரியாக ஏறக்குறைய 5 ஆண்டுகள் எனக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுகள் கூடக் கூடப் பலனும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? கூடவில்லை. மொத்தத்தில் மிகச் சிறிய அளவில் குறைந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது சிலர் முன்னேறியிருந்தார்கள், சிலர் பின்தங்கியிருந்தார்கள்.

2012ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 129 மனநலப் பணியாளர்களிடம், "உங்கள் துறையினருள் உங்கள் திறன் எந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேட்டார்கள். தாம் சராசரிக்குக் கீழே இருப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான்கில் ஒருவர், நூற்றில் முதல் பத்துப் பேருக்குள் தாம் இருப்பதாகச் சொன்னார். கணக்குப்படி இது நடக்கக்கூடியதா என்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக 2005ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று. ஓர் ஆலோசனை நிலையத்திற்கு வந்த 550 பேரில், யார் யாருடைய நிலை மேலும் மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்லும்படி சிகிச்சையாளர்களைக் கேட்டார்கள். அவர்கள் 3 பேரைத்தான் சொன்னார்கள். உண்மையில் 40 பேரின் நிலை மோசமாயிற்று. அந்த 3 பேரில் சரியாகச் சொல்லப்பட்டவர் ஒருவரே.

இவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். திறமை இல்லாதவர்களும் அல்லர். காரணம் தொழிலின் இயல்பிலேயே இருக்கிறது. சமையல்காரர் ருசி பார்த்து உப்புப் போடுகிறார். நாதஸ்வரக்காரரின் காதில் சுருதி விலகினால் உடனே உறுத்துகிறது. ஆலோசகருக்கு அப்படி ஒரு நாக்கும் காதும் எளிதில் கிடைப்பதில்லை. மூன்று முறை வந்தவர் நான்காம் முறை வரவில்லை என்றால், குணமாகி வராமல் இருந்தாரா, மனம் வெறுத்து வராமல் இருந்தாரா என்று அவருக்குத் தெரிவதில்லை. நாற்காலி காலியாக இருக்கிறது. காலி நாற்காலி எந்தப் பாடமும் சொல்வதில்லை. எனவே, தம் வேலையின் பலனைத் தாமே காணும்படி செய்துகொள்வதுதான் திறன் வளர்ச்சியின் முதற்படி. அதற்கு நான்கு வழிகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் வழி: மூத்தவரின் செவி

ஓதுவார் ஒருவர் பண் கற்பது குருவின் முன் பாடிக் காட்டி. குருவிடம் சென்று, "நேற்று நன்றாகப் பாடினேன்" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது பாடமாகுமா? ஆலோசகர்கள் பலருக்குக் கிடைக்கும் மேற்பார்வை இப்படித்தான் இருக்கிறது. நடந்ததை நினைவிலிருந்து சொல்கிறார்கள். நினைவோ நமக்குச் சாதகமானதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களோடு சேர்ந்து ஆலோசனை உரையாடல்களை ஒலித்தட்டுகளில் பதிவு செய்யத் தொடங்கினார். 1942ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், ஒருவருக்கு நடந்த ஆலோசனை முழுவதும் சொல்லுக்குச் சொல் அச்சாயிற்று. மூடிய கதவுக்குள் நடப்பதைப் பிறர் பார்த்துக் கற்கலாம் என்ற நிலை அப்போது உண்டாயிற்று. பிற்காலத்தில், ஏரன் பெக் வகுத்த சிந்தனைச் சிகிச்சைக்கு 11 அம்சங்கள் கொண்ட ஒரு மதிப்பீட்டு அளவுகோல் வந்தது. மேற்பார்வையாளர் ஒலிப்பதிவைக் கேட்டு ஒவ்வோர் அம்சத்திற்கும் 0 முதல் 6 வரை புள்ளி இடுகிறார். எங்கே வலிமை, எங்கே குறை என்பது அங்கே தெளிவாகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வந்தவரின் முழுச் சம்மதத்தோடுதான் பதிவு செய்யவேண்டும். பெயரும் ஊரும் வெளியே போகக்கூடாது. கற்றுக்கொண்ட பின் பதிவை அழித்துவிட வேண்டும். நம் சமூகம் சிறியது. ஒரு கோயில் திருவிழாவில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவினர். இரகசியம் காப்பதில் சிறு பிசகு நேர்ந்தாலும் அந்த ஆலோசனை அறைக்குப் பிறகு யாரும் வரமாட்டார்கள்.

இரண்டாம் வழி: வந்தவரையே கேட்பது

"இன்றைய பேச்சு உங்களுக்கு உதவியதா?" என்று வந்தவரைக் கேட்பது மிக எளிய காரியமாகத் தோன்றும். மேலை நாடுகளில் இதற்கென்று படிவங்கள் இருக்கின்றன. மைக்கேல் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 45 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை உருவாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் வந்தவர் அதை நிரப்புகிறார். நிலை சரியத் தொடங்கினால் சிகிச்சையாளருக்கு எச்சரிக்கை போகிறது. அப்படி எச்சரிக்கை கிடைத்த இடங்களில், மோசமாகிப் போகிறவர்களின் தொகை குறைந்ததாக அவர்களின் ஆய்வுகள் காட்டின. நான்கே கேள்விகள் கொண்ட சிறு படிவங்களும் பின்னர் வந்தன.

நம்மவரிடம் இதைச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நம் பண்பாட்டில், உதவி செய்பவரின் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டோம். ஓர் அம்மாவிடம், "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பார். அடுத்த வாரம் வரமாட்டார்! அவர் பொய் சொல்லவில்லை, மரியாதை காட்டினார். ஆகையால் கேட்கும் விதத்தைத்தான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். "இன்னிக்குப் பேசினதுல எது உங்க வீட்டு நிலைமைக்கு ஒத்து வராதுன்னு சொல்லுங்கம்மா, நான் தெரிஞ்சுக்கணும்" என்று கேட்டால், குறை சொல்வதே உதவியாகிவிடுகிறது. அவர் வாய் திறக்கிறார். இப்படிக் கேட்பதையும் பழகித்தான் பெறவேண்டும்.

எட்வர்ட் போர்டின் என்ற அறிஞர் 1979ஆம் ஆண்டில், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலான உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: ஒருவர் மேல் ஒருவருக்குள்ள பிணைப்பு, எதை அடையப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு. நம்மவர் பலரிடம் பிணைப்பு விரைவில் வந்துவிடும். மற்ற இரண்டையும் கேட்காமலேயே விட்டுவிடுகிறோம். மனைவி அழைத்துவந்தார் என்பதற்காக வந்து உட்கார்ந்திருக்கும் கணவரின் நோக்கம் என்ன என்று யாராவது கேட்டோமா?

மூன்றாம் வழி: சிறுசிறு துண்டாகச் சாதகம்

தொழில் வளர்ச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பயிலரங்கு. ஓட்டல் மண்டபம், இரண்டு நாள், ஒரு கோப்பு, ஒரு சான்றிதழ், தேநீர், படம் எடுத்தல். பயிலரங்கை நான் குறை சொல்லவில்லை. அது கதவைத் திறக்கிறது. திறந்த கதவு திறந்தபடியே இருக்குமா என்பதுதான் கேள்வி.

குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் வாதம் செய்யாமல், அவர்களுக்குள்ளேயே இருக்கும் மாற்ற விருப்பத்தை வெளிக்கொண்டுவரும் உரையாடல் முறை ஒன்று உண்டு. அதை 1983ஆம் ஆண்டில் முதன்முதலில் எழுதியவர் வில்லியம் மில்லர். அவரும் சகாக்களும் 2004ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போதைப் பழக்கச் சிகிச்சையில் இருந்த 140 பணியாளர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிலரங்கு மட்டும். மற்றொரு குழுவுக்குப் பயிலரங்கோடு, அவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு மதிப்பீடு. வேறொரு குழுவுக்குப் பயிலரங்கோடு தொலைபேசி வழித் தனிப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு இவை எல்லாமே. எஞ்சியவர்களுக்கு நூலும் காணொளியும் மட்டும். பயிலரங்கு மட்டும் பெற்றவர்கள் கற்றது நான்கு மாதத்தில் பெரிதும் கரைந்துபோயிற்று. மதிப்பீடோ தனிப் பயிற்சியோ பெற்றவர்களிடம் அது நிலைத்தது. அவர்களிடம் வந்தவர்களின் பேச்சிலேயே மாற்றம் தெரிந்தது, எல்லாவற்றையும் பெற்ற குழுவில்தான்.

சாதகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒருவர் வந்து, "என் காசு, நான் குடிக்கிறேன். யாருக்கு என்ன? ஆனா என் மக மூணு மாசமா என்கூடப் பேசறதில்லைங்க" என்கிறார். பயிற்சி இல்லாதவரின் வாய் எங்கே போகும்? "காசு உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் குடும்பத்தை யோசித்தீர்களா?" என்று முதல் பாதிக்குப் பதில் சொல்லும். உடனே அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். பழகியவர் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்வார்: "மக பேசாம இருக்கிறது உங்களுக்குப் பெரிய வலியா இருக்கு." அவ்வளவுதான். பிறகு மௌனம். அந்த மௌனத்தில்தான் அவர் தம் மகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

இந்த ஒரே பதிலை, வேறு வேறு வாக்கியங்களுக்கு, இருபது முறை, சக ஆலோசகர் ஒருவரை எதிரில் அமர்த்திச் சொல்லிப் பழகவேண்டும். சரளி வரிசை பாடுவதைப்போல! பெர்லின் இசைக்கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி எரிக்சன் என்பவரும் சகாக்களும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முன்னணியில் இருந்தவர்கள் தனிமையில் செய்த பயிற்சி நேரம் மற்றவர்களைவிட மிகுதி என்று கண்டார்கள். நம் இசைவாணர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆலோசனைத் துறை இதை மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டு வருகிறது.

நான்காம் வழி: தன் மனமும் தன் மொழியும்

பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்பவரின் மனம் கல்லாக இருக்க முடியாது. சிலர் பேச்சு நமக்கு எரிச்சல் ஊட்டுகிறது. சிலரைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்று துடிக்கிறோம். இரண்டும் சிகிச்சையைக் கோணலாக்கும். 1950களில் இலண்டன் டாவிஸ்டாக் மருந்தகத்தில் மைக்கேல் பாலின்ட் என்ற மருத்துவர், பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக அமர்த்தி, தங்களுக்குச் சங்கடம் தந்த நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். நோயைவிட, நோயாளியால் மருத்துவரின் மனத்தில் எழுந்ததையே அங்கே ஆராய்ந்தார்கள். இன்றும் அவர் பெயரால் அத்தகைய குழுக்கள் பல நாடுகளில் நடக்கின்றன. மாதம் ஒருமுறை, ஆறேழு பேர், ஒரு மேசை. பெரிய செலவில்லை.

மொழியும் ஒரு பயிற்சியே. நம் ஆலோசகர்கள் பெரும்பாலோர் படித்தது ஆங்கிலத்திலும் மலாயிலும். வருபவர்களோ, "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "மனசே சரியில்ல", "உடம்பெல்லாம் எரியுது" என்கிறார்கள். மனச்சோர்வு என்று புத்தகத்தில் படித்தது, இங்கே நெஞ்சிலும் தலையிலும் வந்து நிற்கிறது. உண்மையில் உடல்நோயா என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும். அதோடு அந்தச் சொல்லுக்குள் இருக்கும் துயரத்தையும் ஆலோசகர் கேட்க வேண்டும். வள்ளுவர் கல்விக்குப் பின் கல்லாமையையும், அதை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வியையும் வைத்தார். படிப்பு முடிந்த பிறகும் செவிக்கு வேலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல வரிசை வேண்டுமா?

எல்லை அறிதல்

தன் திறனின் எல்லையை அறிவதும் திறனே. கடும் மனநோய், தற்கொலை ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு ஆகியவற்றில் ஆலோசகர் தனியே நிற்கக்கூடாது. மனநல மருத்துவரிடமும் உரிய துறையினரிடமும் அனுப்பவேண்டும். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதலும், மலேசியாவில் 2023ஆம் ஆண்டிலும் நீங்கிவிட்டது. போலீசுக்குப் பயந்து வாய் மூடியிருந்த குடும்பங்கள் இனித் தயங்காமல் உதவி தேடலாம். வருபவர்களை எதிர்கொள்ள நாம் தயாராக இருக்கிறோமா என்பதே இப்போது கேள்வி. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் ஆலோசகர் என்று தொழில் நடத்த முடியும். பதிவு என்பது வாசற்படி. அதன்பின் செய்ய வேண்டிய சாதகத்தைத்தான் இதுவரை சொன்னேன்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

நன்கொடையாளப் பெருமக்களே! ஆலோசனை அறைக்குக் குளிர்சாதனமும் நாற்காலியும் வாங்கித் தந்தீர்கள், நன்றி. அந்த அறையின் சுவரில் உங்கள் பெயர் இருக்கிறது. இனி, பெயர் பொறிக்க முடியாத மூன்று காரியங்களுக்கும் உதவுங்கள். ஒவ்வோர் ஆலோசகருக்கும் மாதந்தோறும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வை நேரம். பயிலரங்கு முடிந்தபின் சில மாதங்களுக்குத் தொடர் பயிற்சி. ஆலோசகர்கள் கூடிப் பேசும் மாதக் குழுவுக்கு ஓர் அறையும் ஒரு மாலைப்பொழுதும். நிர்வாகத்தினர் ஆண்டறிக்கையில் "இத்தனை பேர் வந்தார்கள்" என்று எழுதுவதோடு நிற்காமல், "இத்தனை பேருக்குப் பலன் கிடைத்தது, இத்தனை பேர் பாதியில் நின்றார்கள்" என்றும் எழுதட்டும். பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கையை எழுதத் துணிந்த நிலையமே அதைக் குறைக்க வழி தேடும்.

ஆலோசனை நாடிச் செல்லும் அன்பர்களே! ஆலோசகரிடம் மூன்று கேள்விகள் கேட்கத் தயங்காதீர்கள். நீங்கள் பதிவு பெற்றவரா? உங்களுக்கு மேற்பார்வையாளர் உண்டா? எனக்குப் பலன் கிடைக்கவில்லை என்றால் அதை நாம் எப்படித் தெரிந்துகொள்வோம்? நல்ல ஆலோசகர் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார், மகிழ்வார். பதில் சொல்லத் தடுமாறினால், வேறொருவரை நாடுவதில் தவறில்லை.

சக ஆலோசகர்களே! நம்மிடம் வருபவர், பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லாததை நமக்கு முன்னால் எடுத்து வைக்கிறார். பலருக்கு அது முதல் முயற்சி. சிலருக்கு அதுவே கடைசி முயற்சியாகவும் இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்திற்குத் தகுதியாக நம்மைத் தயார் செய்துகொள்வது நாம் அவருக்குப் பட்ட கடன்.